திமிர் பிடித்த இருபத்தேழு பேர்

ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதிவைப்பதற்கு முன்னால் அவர் பெயரையாவது கேட்டிருக்கலாம். கிங்ஸ்டன் கேட்கவில்லை. ஆய்வு விதிப்படி பெயர் கேட்கக் கூடாது, எண்தான் எழுத வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு நேரே "திமிர், ஒத்துழைக்கவில்லை, நீக்கலாம்" என்று அவன் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்ததும் டெல்சிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அந்த எண் சீட்டைச் சட்டையில் ஒட்டிவிட்டவளே அவள்தான். நாற்பத்து மூன்று அவளுடைய அப்பா.

அருள்ஜோசப்பைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தன் செருப்பை வேறு யாராவது போட்டுக்கொண்டு போயிருந்தால், பாவம், என்ன அவசரமோ என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வருகிற மனிதர் அவர். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் இருபது வருடத்தில் வீட்டுக்காரரிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் மழைக்காலத்தில் கூரை ஒழுகுவது எப்போதோ நின்றிருக்கும் என்பது அவர் மனைவி சாராளின் கட்சி. அப்படிப்பட்டவருக்குத்தான் இந்தப் பட்டம் கிடைத்திருந்தது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். டெல்சி, குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். கிங்ஸ்டன் அதே வகுப்பு. நாகர்கோவில் பக்கத்துப் பையன். இங்கே வந்து நான்கு வருடமாகியும் இந்த ஊர்ப் பேச்சு அவன் காதில் பாதிதான் ஏறியிருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு கருவி செய்திருந்தார்கள். பழைய செல்போனில் அதிர்கிற சின்ன மோட்டாரைக் கழற்றித் தடித்த மார்க்கர் பேனாவின் முனையில் பொருத்தியது அது. விரல் நுனியில் வைத்தால் அதிர்வு மெல்ல மெல்லக் கூடும். எப்போது தெரிகிறதோ அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் நரம்பு நன்றாக இருக்கிறது. தாமதமானால் கெட ஆரம்பித்துவிட்டது. தொழிற்சாலைகளில் உலோகம் தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்துப் பிடித்துக் கை நரம்பு போவது அந்த வட்டாரத்தில் புது விஷயமில்லை. முழுவதும் போன பிறகுதான் டாக்டரிடம் போவார்கள், அவரும் போய்விட்டது என்று சொல்லி அனுப்புவார். போவதற்கு முன்பே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பேனா. தொழிலாளர்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள்.

அருள்ஜோசப் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பைக் இன்ஜினுக்கான அலுமினிய வார்ப்புகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் கிரைண்டிங் லைனில் சோதனை நடந்தது. ஆணும் பெண்ணுமாக நூற்றுப் பதினெட்டுப் பேர். டெல்சி ஒரு மேசையில் வண்டோடு உட்கார்ந்தாள். கிங்ஸ்டன் இன்னொரு மேசையில் கேள்வித்தாளோடு உட்கார்ந்தான். அனுமதி வாங்கிக் கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி வெங்கட். நல்ல மனிதர்தான், ஆனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்காகவே சொன்னது. நிர்வாகத்துக்கும் லைனுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல பாதிப்புன்னு வந்துச்சுன்னா, லைன்ல ஆள மாத்தி மாத்திப் போட மேனேஜ்மென்ட் ஒத்துக்கிட்டிருக்குதும்மா. ரெண்டு மணி நேரம் கிரைண்டர், ரெண்டு மணி நேரம் பேக்கிங். ஆனா காலேஜ் பசங்க சொன்னாங்கன்னு நான் போயி நிக்க முடியாது. வெளிய நாலு பெரியவங்க பாத்து சரின்னு சொல்லணும்."

அந்த நாலு பெரியவர்களுக்காகத்தான் பெங்களூரில் நடக்கும் உயிரிப் பொறியியல் மாநாட்டுக்கு எழுதிப்போட்டார்கள். சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து, வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கென்று அந்த மாநாட்டில் சில இடங்களை ஒதுக்கிவைக்கிறார்கள். கட்டணம் கிடையாது, போக்குவரத்து அவர்கள் பொறுப்பு. டெல்சிக்கு ஓர் இடம் கிடைத்தது. விண்ணப்பத்தில் "மொழித்துணை வேண்டுமா?" என்றும் ஒரு கேள்வி இருந்தது. வேண்டும் என்றால் தாய்மொழியில் பேசலாம், பக்கத்தில் ஒருவர் நின்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். டெல்சி வேண்டாம் என்று போட்டாள். வேண்டுமென்று போட்டால் எடுத்த எடுப்பிலேயே நம்மை ஒரு படி கீழே வைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். வீம்புதான், வேறொன்றுமில்லை.

ஆய்வுச் சுருக்கம் போய், ஏற்கப்பட்டு, மாநாட்டுப் புத்தகத்தில் அச்சாகியும் விட்டது. ஒத்துழைக்காத இருபத்தேழு பேரை நீக்கியாயிற்று. மீதி தொண்ணூற்றொரு பேரில் ஒன்பது பேருக்குப் பாதிப்பு. அதாவது பத்தில் ஒருவருக்கே என்று புத்தகம் சொன்னது. டெல்சிக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் கணக்கு சொல்வதை ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மாநாடு சனிக்கிழமை. வியாழக்கிழமை கல்லூரி லேபில் போஸ்டருக்கு வரைபடம் போடும்போதுதான் அப்பாவின் புள்ளி அதில் இல்லாததைக் கவனித்தாள். தேடிப் போனால் பட்டமும் கிடைத்தது.

"கிங்ஸ்டன், இந்த நாப்பத்தி மூணு உன்ன என்ன பண்ணாருன்னு திமிருன்னு எழுதி வெச்சிருக்க?"

"அவரு மட்டுமா, இருவத்தேழு பேரு இருக்காவ. கையி மரத்துப்போவுதான்னு மரியாதயாத்தான் கேட்டேன். மரத்தெல்லாம் போவுல தம்பி, திமிருதான்னு எனக்க மூஞ்சியப் பாத்தே சொன்னாரு. என்னத்துக்கு வம்புன்னு அடுத்த ஆள விளிச்சேன்."

டெல்சி அவனை உற்றுப் பார்த்தாள். "உங்க ஊர்ல காலை மடக்கி ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா, காலெல்லாம் குறுகுறுன்னு ஊசி குத்துற மாதிரி ஒண்ணு ஏறுமே, அதுக்கு என்னா சொல்வீங்க?"

"காலு மரத்துப் போச்சும்போம்."

"இங்க அதுக்குப் பேருதான்டா திமிரு."

கிங்ஸ்டன் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான். "அப்போ அந்த நாப்பத்தி மூணு…"

"எங்க அப்பா."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து டெல்சிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. யாரைத்தான் குறை சொல்வது? ஓசூர்ப் பக்கம் ஒரு மொழி பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மொழி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தெலுங்குக்காரர்கள் திம்மிரி என்பார்கள். கூடவே வேலை பார்க்கும் தமிழர் வாயில் அது திமிராகிவிடும். கிரைண்டரை நிறுத்திய பிறகும் கையில் குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருப்பது திமிரு. ஊசியால் குத்தினாலும் தெரியாமல் போவதுதான் அவர்களுக்கு மரத்துப்போதல். அது கடைசிக் கட்டம். கை மரத்துப்போகிறதா என்று கேட்டால் அந்த இருபத்தேழு பேரும் இல்லை என்று உண்மையைத்தான் சொன்னார்கள். அதோடு நிறுத்தாமல், என்ன இருக்கிறது என்பதையும் சொன்னார்கள். கேட்டவன் காதுதான் நாகர்கோவிலிலேயே நின்றுவிட்டது.

டெல்சி தன் நோட்டைப் பிரித்து, வண்டு சொன்ன அளவுகளை அந்த இருபத்தேழு எண்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். இருபத்து நான்கு பேருக்கு நரம்பு கெட ஆரம்பித்திருந்தது. ஒன்பதும் இருபத்து நான்கும் முப்பத்து மூன்று. நூற்றுப் பதினெட்டில் முப்பத்து மூன்று என்றால் நாலில் ஒருவருக்கு மேல். கிங்ஸ்டன் இன்னொருமுறை கூட்டிப் பார்த்தான், அதே விடைதான் வந்தது.

இருவரும் ஓட்டமாக ஓடித் துறைத்தலைவர் பார்வதி மேடத்திடம் போனார்கள். மேடம் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சுருக்கத்தில் வழிகாட்டி என்று அவர் கையெழுத்தும் இருந்தது.

"உடம்பு சரியில்லன்னு ஒரு மெயில் போட்டுடு டெல்சி. வேற எங்கயாவது அப்புறம் சரியா எழுதிப் போட்டுக்கலாம்."

"அதுக்குள்ள எங்க கோர்ஸே முடிஞ்சிடும் மேடம்."

"புத்தகத்துல ஒண்ணு, போஸ்டர்ல ஒண்ணுன்னு இருந்தா மொத கேள்வியே அதுதான் வரும். ஜட்ஜுங்க சுத்தி நின்னு கேப்பாங்க. உன் இங்கிலீஷ வெச்சுக்கிட்டு அத எப்படிச் சமாளிப்ப?"

அந்தக் கடைசி வாக்கியம் டெல்சிக்கு நெஞ்சில் தைத்தது. பொய்யாக இருந்தால் தைத்திருக்காது. அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள். பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதிவிடுவாள், நாலு பேர் முன்னால் நாக்கு புரளாது. ஆனாலும் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நான் போகலன்னா புத்தகத்துல இருக்கறதுதான் மேடம் நிக்கும். பத்துல ஒருத்தர்னு. அத எடுத்துக் காட்டியே லைன்ல ஒண்ணும் மாத்த வேண்டாம்னு சொல்லிடுவாங்க."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "போறதுன்னா போ. நான் தடுக்கல. கூட வரவும் மாட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம். இங்கே இருபத்தேழு பூசணிக்காய். மேடத்தையும் ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. பதினைந்து வருடம் பாடுபட்டுக் கட்டிய துறை, ஒரு தப்பில் ஊர் சிரித்துவிடுமோ என்ற பயம் யாருக்கும் வரும்.

டெல்சி வராந்தாவுக்கு வந்து மாநாட்டின் மாணவர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் தன் பெயர் சுவேதா என்றாள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற பெண், வீடு ராயக்கோட்டை. டெல்சி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தடுமாறியதுமே அவள் தமிழுக்கு மாறிவிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தப்ப நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்திட்டு வர்றீங்க. அதுக்கு யாரும் உங்கள வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. போஸ்டர் மேல திருத்தம்னு எழுதி ஒட்டுங்க. வந்து தைரியமா நில்லுங்க. மொழித்துணை வேண்டாம்னு போட்டிருக்கீங்களே, இப்பவும் மாத்திக்கலாம்."

"வேண்டாம்க்கா, சமாளிச்சுக்குவேன்," என்றாள் டெல்சி. வீம்பு அவ்வளவு சீக்கிரம் விடுமா?

சனிக்கிழமை காலை ஓசூர் பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ் ஏறினார்கள். கிங்ஸ்டன் போஸ்டர் குழாயைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அத்திப்பள்ளி தாண்டியதும், "உங்க அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"சிரிச்சாரு. என்னையும் ஒருத்தன் திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டானா, உங்கம்மா கிட்டச் சொல்லு, சந்தோஷப்படுவான்னாரு."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை.

மாநாட்டுக் கூடம் கண்ணைப் பறித்தது. செயற்கை இதயம், அச்சடித்த எலும்பு, சர்க்கரையைக் கண்ணீரிலேயே அளக்கும் லென்ஸ் என்று வரிசை வரிசையாகப் போஸ்டர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பிள்ளை தண்ணீர் பட்ட பாடாக ஆங்கிலம் பொழிந்துகொண்டிருந்தது. முதல்முறை வருகிறவர்களுக்கு அடையாள அட்டையில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தால் மற்றவர்கள் நின்று நல்லபடியாகப் பேசிவிட்டுப் போக வேண்டுமாம். அப்படியே நான்கைந்து பேர் வந்து பேசவும் செய்தார்கள். டெல்சி எல்லோரிடமும் யெஸ், யெஸ் என்றாள். அவள் போஸ்டரின் நடுவில், பழைய முடிவின் மேல், "திருத்தம்" என்று வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கூடத்திலேயே ஒட்டுப் போட்ட போஸ்டர் அது ஒன்றுதான். போகிற எல்லாருடைய கண்ணும் நேராக அங்கேதான் போகிறது என்று அவளுக்குப் பட்டது.

பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். நடுவர் குழுத் தலைவி ஒரு வங்காளி அம்மாள், நரைத்த குட்டைமுடி. கூட உயரமான ஒரு பேராசிரியர், பிறகு தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் ஒரு பெண் டாக்டர். பேராசிரியர் மாநாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மேடம் சொன்னது சொன்னபடி நடந்தது. புத்தகத்தில் பத்தில் ஒருவர், இங்கே நாலில் ஒருவருக்கு மேல், எப்படி மாறியது என்பதுதான் முதல் கேள்வி.

டெல்சி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நாங்கள் நம்ப்னஸ், அதாவது மரத்துப்போதல், இருக்கிறதா என்று கேட்டோம் என்றாள். அவர்கள் இல்லை என்றார்கள் என்றாள். பிறகு, திமிருக்கு வாயில் வந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டு, அவர்கள் தங்களுக்கு அரகன்ஸ் இருக்கிறது என்றார்கள் என்று சொல்லி முடித்தாள்.

"அரகன்ஸ்?" என்று கேட்டார் பேராசிரியர். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். டெல்சிக்குக் காது சுட்டது. அடுத்த வாக்கியத்தைத் தேடினாள். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் காற்றில் போயிருந்தது. பேராசிரியர் கையிலிருந்த தாளில் ஏதோ குறிக்கப் போனார். அவர் குறித்துவிட்டு நகர்ந்தால் கதை முடிந்தது. அந்தப் புத்தகம் நிற்கும், இருபத்தேழு பேரும் வெளியே நிற்பார்கள், திங்கட்கிழமையும் அப்பா எட்டு மணி நேரம் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

டெல்சி கையை உயர்த்தினாள். "ஒன் மினிட் சார். எனக்கு மொழித்துணை வேணும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது அவ்வளவு கஷ்டமான வாக்கியம் இல்லை என்று.

கிங்ஸ்டன் ஓடினான். அரை நிமிடத்தில் சுவேதாவோடு வந்து நின்றான். டெல்சி மூச்சை இழுத்துவிட்டு, அவள் மேடையிலும் பேசாத, லேபிலும் பேசாத, வீட்டில் பேசுகிற தமிழில் ஆரம்பித்தாள்.

"நான் எதையும் விளக்கப் போறதில்லீங்க. உங்களத்தான் ஒண்ணு கேக்கப் போறேன். ரொம்ப நேரம் கால மடக்கி உக்காந்து எழுந்தா, கால்ல குறுகுறுன்னு ஒண்ணு ஓடுமே. சின்ன வயசுல அத உங்க வீட்ல என்ன சொல்வீங்க?"

சுவேதா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பேராசிரியர் பேனாவை நிறுத்தினார். அவர் முகத்தில் யோசனையைவிட ஞாபகம்தான் அதிகம் தெரிந்தது.

"ஜோமு," என்றார். கன்னடக்காரர்.

டெல்சி கிங்ஸ்டன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கித் திருத்தத் தாளில் ஜோமு என்று எழுதினாள். டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"திம்மிரி," என்றார் அவர். விஜயவாடாவிலிருந்து வந்தவராம்.

வங்காளி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் ஊரில் அதை ஜிஞ்ஜி பிடித்துக்கொண்டது என்பார்கள், ஜிஞ்ஜி என்றால் சுவர்க்கோழி என்கிற பூச்சி, காலுக்குள் சுவர்க்கோழி கத்துகிறதென்று அர்த்தம் என்றார். முன்பு சிரித்தவர்களும் இப்போது நெருங்கி வந்தார்கள். கேரளத்துப் பெண் ஒருத்தி தரிப்பு என்றாள். கான்பூர்ப் பையன் ஜுன்ஜுனி என்றான். டெல்சி எல்லாவற்றையும் எழுதினாள், தாள் நிரம்பிவிட்டது.

"இத்தன பேர் சொன்னீங்க. ஒருத்தர்கூட நம்ப்னஸ்னு சொல்லலையே," என்றாள் டெல்சி. "நாங்க கேட்ட கேள்விக்கு அவங்க கை செத்துப்போன பின்னாடிதான் ஆமான்னு சொல்ல முடியும். அவங்க கை இன்னும் சாகல. அதனால இல்லன்னாங்க. எங்களுக்கு இருக்கறது திமிருன்னு அவங்க பாஷையில சொன்னாங்க. அத நாங்க ஆணவம்னு எழுதிக்கிட்டு இருவத்தேழு பேர வெளிய தள்ளிட்டோம். தப்பு எங்க காதுல. ஆனா வண்டு தப்பா சொல்லல. பாருங்க."

நோட்டை எடுத்து நீட்டினாள். இருபத்தேழில் இருபத்து நான்கு.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க அந்தக் கூடத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் தன்னை மறந்து கன்னடத்தில் கேள்வி கேட்டார். டெல்சி கன்னடத்திலேயே பதில் சொன்னாள். தெருவில் பாதிப் பேர் கன்னடம் பேச வளர்ந்தவளுக்கு அது என்ன பெரிய காரியம்? அதிர்வின் அளவு எத்தனை, எத்தனை முறை சோதித்தீர்கள், ஒரே விரலிலா என்று அவர் கேட்கக் கேட்க, இவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். டாக்டர் தெலுங்கில் குறுக்கே புகுந்தார். அதற்குத் தெலுங்கில் பதில் போயிற்று. கிரைண்டிங் லைனில் அவள் பேசிய மொழிகளே இங்கும் போதுமானதாக இருந்தன. வங்காளி அம்மாளுக்கு மட்டும் சுவேதா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆங்கிலம் வராது என்று இரண்டு நாளாகத் தன்னைத் தானே நொந்துகொண்டிருந்த பெண்ணுக்கு, தன்னிடம் மூன்று மொழி இருப்பதே அப்போதுதான் உறைத்தது. அடக்க மாட்டாத சந்தோஷம் வந்தது அவளுக்கு. நடுவர்கள் ஒரு போஸ்டருக்கு ஏழு நிமிடம் என்று விதி. இங்கே நாற்பது நிமிடம் நின்றார்கள்.

போகும்போது வங்காளி அம்மாள் கிங்ஸ்டனைப் பார்த்து, அந்தச் சொல்லைத் தவறாக எழுதியது யார் என்று கேட்டார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நான்தான் என்றான். அந்தத் தவறை மறைக்காமல் கட்டுரையில் முதல் பத்தியாக எழுது, நாங்கள் எல்லோரும் எத்தனை வருடமாக இதே தவறைச் செய்கிறோமோ என்றார் அவர். ஆங்கிலத்தில்தான் சொன்னார். அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

மூன்றரை மணிக்கு நிறைவு விழா. சிறந்த மாணவர் ஆய்வு என்று டெல்சியின் பெயரையும் கிங்ஸ்டனின் பெயரையும் வாசித்தபோது கிங்ஸ்டன் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். மேடையில் டாக்டர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். புத்தகத்தில் அச்சான முடிவு திரும்பப் பெறப்படுகிறது, திருத்திய முடிவை நடுவர் குழு சரிபார்த்து ஏற்றுக்கொண்டது, கையெழுத்திட்ட கடிதம் அந்தத் தொழிற்சாலைக்கு இப்போதே மின்னஞ்சலில் போகிறது என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. டெல்சி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சை ரிப்பன்காரர்களைப் பார்த்தாள். அவர்கள்தான் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் வராந்தாவில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். கிரைண்டிங் லைனில் நாலு மணிக்கு டீ நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. பேசினியா?"

"பேசினேன்ப்பா. உங்கள எல்லாம் சேத்துக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. போன் கை மாறியது. வெங்கட் குரல் கேட்டது. "டெல்சிம்மா, லெட்டர் வந்திருச்சு. பிளான்ட் ஹெட் கையில குடுத்துட்டு இப்பத்தான் வர்றேன். வாக்கு வாக்குதான்னுட்டாரு. திங்கக்கிழமையிலருந்து ஆள் மாத்திப் போடறோம். மொத பட்டியல்ல அந்த முப்பத்தி மூணு பேரு."

டெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் போன் ஸ்பீக்கரில் போடப்பட்டிருந்தது. பின்னால் டீ கிளாஸ் சத்தம், பேச்சுச் சத்தம். ஒரு பெண் குரல் முன்னால் வந்தது. அப்பாவுக்கு இரண்டு மேசை தள்ளி வேலை பார்க்கும் ரங்கம்மா.

"பாப்பா, உங்கப்பாவ சேத்துக்கிட்டாங்க, சரி. வெளிய தள்ளுனதுல நாங்களும் இருந்தமே, எங்களையுமா?"

"எல்லாரையும் அக்கா. இருவத்தேழு பேரையும்."

"அப்பிடி மொத்தமா சொன்னா எப்பிடி? ஒவ்வொண்ணா சொல்லு. கேட்டுக்கறோம்."

பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. எண் சொல்லலாம், யார் எந்த எண் என்பது அவரவருக்குத் தெரியும். டெல்சி நோட்டைப் பிரித்தாள்.

"நாலு."

"இருக்கேன்," என்றது ஒரு குரல்.

"பதினொண்ணு."

"இங்க."

"பத்தொம்போது."

"நாந்தான் பாப்பா," என்றாள் ரங்கம்மா.

வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பரிசுக் கோப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு பெண் போனில் எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணுக்கு எண் அங்கிருந்து ஒரு குரல் வந்தது, சிரிப்போடு ஒன்று, அதட்டலாக ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. கிங்ஸ்டன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தான். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. இருபத்தாறு குறியாகிவிட்டது.

"நூத்திப் பன்னெண்டு."

பதில் இல்லை. டெல்சி இன்னொருமுறை படித்தாள்.

"அது கரியப்பண்ணன் பாப்பா," என்றாள் ரங்கம்மா. "இன்னிக்கி அவுருக்கு வீக்லி ஆஃப். ஆளு இல்லன்னு அவர விட்டுறாத."

"விடமாட்டேன்க்கா," என்றாள் டெல்சி.